பயத்துக்குப் பதில் எழுதுகிறவர்

அத்தியாயம் 14

போன வாரம் ரவுண்டானாவின் நட்டநடுவே காரை அப்படியே விட்டுவிட்டு, கதவை மட்டும் மரியாதையாகச் சாத்திவிட்டு, நடந்தே வீடு வந்து சேர்ந்தாரே உலகம், அவரை இந்நேரம் நீங்கள் மன்னித்திருப்பீர்கள். அவர் மனைவி அன்று மாலையே மன்னித்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தங்கை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. கார் அவளுடையது. பின்னால் நின்ற அத்தனை வண்டிகளின் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் அவள்தான்.

உலகம் என்பது தங்கை வைத்த பெயர். நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தாலும் அவர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. நாலு வார்த்தையில் தலைப்பை அடக்கிவிட்டு டீ வந்ததா என்று கேட்பார். அப்படிப்பட்டவருக்கு, வண்டிக்கு முன்னால் ஒரு மேட்டைக் கண்டால் இறங்கி ஓடிவிடத் தோன்றும்.

பதினோரு வருஷத்துக்கு முந்தின கதை அது. லைசென்ஸ் வாங்கின இரண்டாவது வாரம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தார். அது முன்னால் போகாமல் பின்னால் போனது. பத்தடி போயிருக்கும், ஒரு மதில்சுவர் பிடித்து நிறுத்தியது. உடைந்தது பின்பக்க விளக்கு ஒன்றுதான். பக்கத்தில் இருந்த மனைவி கத்தக்கூட இல்லை. "இவளுக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி எனக்கு இருந்தா போதும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் அதன்பிறகு போன வாரம் வரை வண்டியைத் தொடவில்லை. லைசென்ஸ் பர்ஸுக்குள் புகுந்து வெறும் அடையாள அட்டையாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த மேடு மறுபடி அவர் வழியில் வந்து நிற்பதற்குக் காரணம் மனைவியின் நாக்கு.

பானங்கள் தயாரிக்கும் கம்பெனியில் ருசி பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷம் அடுத்தவர் கலந்ததைக் குடித்துப் பார்த்து, இனிப்பு தூக்கல், புளிப்பு போதாது என்று எழுதிக் கொடுத்தவள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் புதுத் தொழிற்சாலையில், இனி அவளே புதுப் பானங்களைக் கலந்து உருவாக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ருசி பார்ப்பது காலை ஆறு மணிக்கு; நாக்கு வேறெதையும் தொடுவதற்கு முன்னால். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸோ எட்டரைக்கு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு, லைசென்ஸ் தரமாட்டார்கள். உலகத்துக்கு வேலை மாலையில்தான், சனிக்கிழமை விடுமுறை. காலையில் கொண்டுபோய் விட நேரம் உண்டு, லைசென்ஸ் உண்டு, தங்கையின் தயவில் கார் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று.

கம்பெனிக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் இன்றைய சனிக்கிழமை. மாலை ஐந்து மணி வரைதான்.

* * *

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் "ஸ்ர்ர்ர்ப்" என்று ஒரு சத்தம் கேட்டது. புதிதாகக் கேட்பவர்கள் குழாயில் கோளாறு என்று நினைப்பார்கள். அது அவள் ஒரு ஸ்பூன் பானத்தைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுகிற சத்தம். உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, சிங்க்கில் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் உலகம்.

"பூ கொஞ்சம் அதிக நேரம் ஊறிடுச்சு. கடைசியில நாக்கைப் பிடிக்குது. ஆனா நிறம் பாருங்க, என்ன ஒரு சிவப்பு!"

நைல் நதி ஓடும் நாடுகளில், காய்ந்த செம்பருத்தி வகை இதழ்களை ஊறவைத்துச் சூடாகவும் குடிப்பார்கள், குளிரவைத்தும் குடிப்பார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் அவர் எழுதியிருந்தார். 'சனிக்கிழமைச் சல்லடை' என்று ஒரு பக்கம் வாராவாரம் அவர் பொறுப்பில் வருகிறது. வாரம் முழுக்கச் சலித்ததில் தங்கிய மூன்று சங்கதிகள், மூன்று பெட்டிகளில். முதலாவது உலக நடப்பு, இரண்டாவது ஒரு பானம், மூன்றாவது பயம்.

"முதல் பெட்டி அருமைங்க" என்று பேப்பரை விரித்தாள் மனைவி. "பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல ஆத்துல ஒரு குட்டித் தீவு. ஆறு மாசம் இவங்களுக்கு, ஆறு மாசம் அவங்களுக்கு. முந்நூறு வருஷத்துக்கு மேல சண்டையில்லாம மாத்திக்கிறாங்களாம். நம்ம வீட்டு டிவி ரிமோட்டை அவங்ககிட்ட ஒப்படைச்சிடலாமா?"

"ரிமோட் பதினாறு வருஷமா ஒரே நாட்டுகிட்டதான இருக்கு?"

"அந்த நாடுதான் பாட்டரி வாங்கிப் போடுது" என்று அவள் மூன்றாவது பெட்டிக்கு வந்தாள்.

மூன்றாவது பெட்டிக்குத்தான் வாசகர் கூட்டம் அதிகம். தங்கள் பயத்தை அவர்கள் எழுதி அனுப்புவார்கள். 'துணிச்சல்காரன்' பதில் சொல்வார். இருட்டு, மேடை, நாய், மாமியார் என்று எதற்கும் அவரிடம் மருந்துண்டு. துணிச்சல்காரன் யாரோ பெரிய மனநல மருத்துவர் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அது உலகம்தான் என்பது ஆசிரியருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் கிண்டல் ஓயாது என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரக் கடிதம், வண்டியோட்டப் பழகும் ஒரு பெண்ணுடையது. மேட்டில் வண்டியை எடுக்க நடுங்குகிறதாம். துணிச்சல்காரன் காலை நீட்டி உட்கார்ந்து வெளுத்து வாங்கியிருந்தார்.

மனைவி அதைப் படித்தாள். வழக்கமாகப் படித்ததும் ஒரு கிண்டலாவது வரும். இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஓட்டிடறேன் பாரு. நீ அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணி சரின்னு சொல்ற."

"அவசரமில்லைங்க."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்? அவசரமில்லைன்னா எப்படி?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஹாரன் அலறியது. "உலகம் எழுந்தாச்சா, இல்ல இன்னும் இருட்டுலதான் இருக்கா?" என்று தங்கையின் குரல் தெருவுக்கே கேட்டது.

* * *

அன்றைக்குத் தங்கை ஒரு தந்திரம் செய்திருந்தாள். ஸ்டியரிங்கைக் கொடுத்தால்தானே இறங்கி ஓடுவார்? அண்ணனைப் பின்சீட்டில் தள்ளினாள். முன்னால் ஓட்டுநர் இருக்கையில், மூக்குக்கண்ணாடியும் கைப்பையுமாக, ஐம்பது வயதுத் தையல்காரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இவங்க கடை திறக்கிறதுக்கு முன்னாடி கிளாசுக்கு வர்றாங்க. இன்னைக்கு மேடு எடுக்கப் போறாங்க. நீ வாயை மூடிட்டு வேடிக்கை பாரு" என்றாள் தங்கை.

"வணக்கம் சார்" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார் தையல்காரம்மா. "உங்களுக்கும் பயமா? கவலைப்படாதீங்க, எனக்கு மருந்து கிடைச்சாச்சு."

தண்ணீர்த் தொட்டி மேடு மாறவே இல்லை. மதில்சுவருக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உலகம் அந்தப் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொன்னாள் தங்கை. "இப்ப எடுங்க, பார்க்கலாம்."

தையல்காரம்மா ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைப் படக்கென்று இறக்கினார். வண்டி பின்னால் நழுவியது. உலகம் முன்சீட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தங்கை தன் பக்கத்து பிரேக்கை அழுத்தியதும் வண்டி குலுங்கி நின்றது.

"என்னம்மா பண்றீங்க! நான் இப்படியா சொல்லிக் கொடுத்தேன்?"

"நீங்க சொன்னது கை நடுங்கினா மறந்து போகுது வாத்தியாரம்மா. அதான் எழுதிக் கேட்டேன். பதில் இன்னைக்கு வந்திருக்கு." கைப்பையிலிருந்து, ஓரத்தைத் துணி வெட்டுவதுபோல நேராகக் கத்தரித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மூன்றாவது பெட்டி.

தங்கை சத்தமாகவே படித்தாள். "'பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.' ம், இது சரி. 'முதலில் ஹேண்ட் பிரேக்கைத் துணிந்து விடுவியுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள்.'" அவள் நிறுத்தினாள். "எந்த அரைவேக்காடு எழுதினது இது? முதல்ல பிரேக்கை விட்டா வண்டி பின்னாடி போகாம ஆகாசத்துக்கா போகும்? இந்த டாக்டர் ஜென்மத்துல கார் ஓட்டியிருக்க மாட்டான்!"

"டாக்டரைத் திட்டாதீங்கம்மா" என்றார் தையல்காரம்மா. "நாய்க்குப் பயந்து மூணு தெரு சுத்திக் கடைக்குப் போயிட்டிருந்தேன். இவர் எழுதினதைப் படிச்சுத்தான் நேர்வழியில போறேன். என் தப்பாத்தான் இருக்கும்."

உலகம் பின்சீட்டில் இன்னும் கீழே சரிந்தார். பேசாமல் இருந்துவிடலாம். தங்கை இன்னும் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்துவிடுவாள். ஆனால் முன்னால் அந்த அம்மாள் தன் கைகளைத் தானே நொந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லம்மா" என்றார். "எழுதினவன் தப்பு. எழுதினது நான்தான்."

தங்கை மெல்லத் திரும்பினாள். சிரிக்கப் போகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, அன்னைக்கு இதே மேட்டுல நீ எப்படி எடுத்த? வரிசையாச் சொல்லு."

"இப்படித்தான். முதல்ல ஹேண்ட் பிரேக்கை விட்டேன். அப்புறம்..."

"அடப்பாவி!" தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா தைரியம் இல்ல, தைரியம் இல்லன்னு புலம்பினியே! உன் தைரியத்துல ஒரு குறையும் இல்ல. வரிசைதான் தப்பு. முதல்ல கிளட்ச்சை வண்டி முனகுற வரைக்கும் தூக்கணும். மூக்கைத் தூக்கிட்டு, போறேன் போறேன்னு முனகும். அதுக்கப்புறம்தான் ஹேண்ட் பிரேக். இதை ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா என்ன?"

"நீ அப்ப காலேஜ்ல படிச்சிட்டு இருந்த. தங்கச்சிகிட்ட எப்படிக் கேட்கிறது?"

"ஊருக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியுது. ஒருத்தர்கிட்ட கேட்கத் தெரியல. இறங்கு. முன்னாடி வா."

தையல்காரம்மா எந்தக் கோபமும் இல்லாமல் பின்சீட்டுக்கு மாறினார். "அடுத்த வாரம் திருத்தம் போட்டுடுங்க சார். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் கத்தரிச்சு வெச்சிருக்காங்களோ" என்றார். அது போன வாரத்து ஹாரன்களைவிடக் கடுமையாக அவர் காதில் விழுந்தது.

முதல் தடவை எஞ்சின் அணைந்தது. இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை வண்டி முனகியது. முன்பக்கம் லேசாக எழும்பியது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. உலகம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை, கடை திறக்க வேண்டியதையே மறந்துவிட்ட தையல்காரம்மாவும் அவரும் மாற்றி மாற்றி எட்டு முறை அந்த மேட்டை ஏறினார்கள்.

* * *

சாப்பாட்டுக்குப் பிறகு ஊரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாலு மணிக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அருகில் உட்கார்ந்திருந்த தங்கை ஒரு பெடலையும் தொடவில்லை. உலகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கிளம்பு! உன்னை அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயிருந்தே கம்பெனிக்குப் போன் பண்ணலாம்."

மனைவி சிரித்தாள். "அடுப்புல தண்ணி இருக்குங்க."

தங்கை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"தலை வாரணும்."

"நல்லாத்தான் இருக்கு."

"மத்தியானம் ஊறவெச்ச இந்தப் பூவை வடிகட்டலைன்னா இன்னும் துவர்த்துடும்."

இருபது வருஷம் அறிக்கைகளில் ஒளிந்திருக்கும் விஷயத்தை மோப்பம் பிடித்த மனிதர் அவர். சொந்த வீட்டில் மட்டும் மூன்று சாக்குக் கேட்ட பிறகுதான் உறைத்தது. "என்னம்மா?" என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "புதன்கிழமையே கடிதம் எழுதி வெச்சுட்டேன். வேலை வேண்டாம்னு. இன்னும் அனுப்பல."

"நான் ஓட்டமாட்டேன்னா? இப்பத்தான் ஓட்டிட்டேனே! இவளைக் கேளு!"

"நீங்க ஓட்டிடுவீங்கன்னுதாங்க." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் கத்தவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வீங்க. எனக்குக் குரலே வரலைங்க. வாயைத் திறந்தேன், வரல. அதைத் தைரியம்னு நீங்க சொன்னீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். உங்க பயத்துக்குப் பின்னாடி என் பயம் சௌகரியமா ஒளிஞ்சுகிட்டிருந்தது. நீங்க ஓட்டாத வரைக்கும் நான் பக்கத்துல உட்கார வேண்டியதில்லை."

துணிச்சல்காரன் இந்த இடத்தில் அழகாக ஒரு பத்தி எழுதியிருப்பார். அந்தப் பத்தியை நினைத்தாலே உலகத்துக்கு இன்று கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லார் முன்னாலும் அவளைத் தைரியசாலி என்று சொல்லிச் சொல்லி, பயமாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கை இருக்கிறாளே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"வேலை பிடிச்சிருக்கா? அதை மட்டும் சொல்லு."

"பிடிச்சிருக்குங்க. ராத்திரி கனவுலகூட எதையாவது கலந்துகிட்டிருக்கேன்."

"உன் பயத்துக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்."

அவள் நாத்தனாரிடம் கேட்டாள்: "அந்த ஹேண்ட் பிரேக், அது நடுவுலதான இருக்கு?"

"ஆமா அண்ணி. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல."

"அப்ப அது என் கையில இருக்கட்டும்."

* * *

ஐந்துக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டின் பாதியில் கார் நின்றது. மனைவி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "கீழே இருக்கிற பெடலைத் தெரியாமக்கூட மிதிச்சிடாதீங்க அண்ணி" என்று தங்கை சொன்னதற்காக, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் மடித்து வைத்திருந்தாள். வலது கை, இடது கை இரண்டும் ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தன.

உலகம் கிளட்ச்சை மெல்லத் தூக்கினார். வண்டி முனகியது.

"இப்ப விடலாமா?" என்றாள் அவள்.

"உனக்கு எப்பத் தோணுதோ அப்ப."

பின்னால் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. உலகம் காலை அசைக்கவில்லை. மறுபடி ஹாரன் கேட்டது. பின்சீட்டில் தங்கை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாள்.

"வண்டி முனகுதுங்க."

"ஆமா. போறேன்னு சொல்லுது."

அவள் வாயைத் திறந்தாள். பதினோரு வருஷம் தொண்டைக்குள்ளேயே நின்றுபோயிருந்த சத்தம் இப்போது வந்தது. நல்ல நீளமான ஒரு கத்தல். பின்னால் வேன்காரர் ஹாரனை நிறுத்திவிட்டார். கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். கார் மேட்டில் ஏறியது. உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவள் கத்தினாள்; கடைசிப் பாதி சிரிப்பாக மாறிவிட்டிருந்தது.

மேலே ஓரமாக நிறுத்தியதும் போனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பேசினாள். "வர்றேன் சார்" என்பது மட்டும் நன்றாகக் கேட்டது. உலகம் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளில்கூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். புருவம் உயர்ந்தது. "எப்போ? நாளைக்கேவா?" என்றாள்.

வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமைன்னாலும் முதல் தொகுதி பானம் நாளைக்குக் காலையில தயாராகுதாம். ஆறு மணிக்கு நான் அங்க இருக்கணுமாம்."

பழகிக்கொள்ள ஒரு மாதமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்த உலகம், பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "கணவாய் ரோட்டுல இந்த மாதிரி எத்தனை மேடு இருக்கு?"

"நான் எண்ணினதில்லையே அண்ணா" என்றாள் தங்கை.

மனைவி கால்களை மறுபடி சீட்டின்மேல் மடித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தாள்.

"எண்ணிக்கிட்டே போகலாம்" என்றாள்.